அப்பா பெயரில் நிற்கும் பழைய கார்: சாவி கையில் இருந்தால் மட்டும் போதாது

தாமான் வீடுகளின் முன்புறத்தில் துணி போர்த்திக்கொண்டு, டயரில் காற்று இறங்கி நிற்கும் ஒரு பழைய காரை நாட்டின் எந்த மூலையிலும் காணலாம். டட்சுன் 120ஒய், மஸ்டா 323, வால்வோ 240 என்று எதுவாகவும் இருக்கலாம். 1985 ஜூலையில் அறிமுகம் கண்ட புரோட்டான் சாகாவின் முதல் தலைமுறைக் காராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அது அந்த வீட்டின் முதல் கார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த காலத்தில், மாதத் தவணை கட்டி அப்பாவோ தாத்தாவோ வாங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கும், குடும்பத்தைப் பத்துமலைக்கும் கொண்டு போன கார். விற்க மனம் வராமல் அப்படியே நின்றுவிட்டது.

அண்மைக் காலமாக இத்தகைய கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. துருவை வெட்டி எடுத்து, புதிய தகடு வைத்து, இஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பழைய நிறத்திலேயே சாயம் பூசி முடிக்கும்போது பல ஆயிரம் வெள்ளி கைமாறியிருக்கும். அதன் பிறகே சாலை வரி எடுக்க நினைக்கிறார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிய வருகிறது. காரின் பதிவு இன்னும் காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது. அல்லது, அப்பாவுக்கு அந்தக் காரை விற்ற முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில் இருக்கிறது.

பழைய காரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பட்டறை அல்ல. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் அந்தக் கார் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அந்த வேலையை எங்கே தொடங்குவது, எந்தச் சிக்கலுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் பார்ப்போம்.

கிராண்ட் சொல்வது என்ன?

நம்மவர்கள் 'கிராண்ட்' என்று அழைப்பது வாகன உரிமைச் சான்றிதழை. முந்தைய காலத்தில் அது புத்தகமாகவும் அட்டையாகவும் இருந்தது. பின்னர் ஒற்றைத் தாளானது. அதில் பதிவு எண், உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை எண், காரின் தயாரிப்பு, இஞ்சின் எண், சாசி எண் ஆகியவை இருக்கும். கடன் பெற்று வாங்கிய காராக இருந்தால், கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையும் பதிவாகியிருக்கும்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தை வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது. சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. கார் கைமாறினால் கொடுத்தவரும் வாங்கியவரும் 7 நாட்களுக்குள் அதை ஜேபிஜேயின் கவனத்திற்குக் கொண்டு சென்று, புதிய உரிமையாளரின் பெயரில் பதிவு செய்ய வேண்டும்.

சாவியும் கிராண்டும் கையில் இருப்பதாலேயே ஒருவர் பதிவு பெற்ற உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. "பணம் கொடுத்து வாங்கினேன், ரசீது இருக்கிறது" என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கு. ஜேபிஜேயைப் பொறுத்தவரை, பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பேச்சு. சம்மன் அவர் முகவரிக்குத்தான் போகும். விபத்தோ குற்றச் செயலோ நடந்தால் போலீஸ் முதலில் தேடுவதும் அவரைத்தான்.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், அவர் பெயரிலேயே காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்துக்கொண்டு காரை ஓட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. "இதுவரை ஒரு பிரச்சினையும் வரவில்லையே" என்பது வழக்கமான பதில். பிரச்சினை வரும் நாள் ஒன்றுதான்; அது விபத்து நடக்கும் நாள்.

வாகனக் காப்புறுதி என்பது காப்புறுதி நிறுவனத்திற்கும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் இடையிலான ஒப்பந்தம். காரோடு சேர்ந்து அது தானாகக் கைமாறுவதில்லை. காலமானவர் பெயரில், அவர் காலமானதைத் தெரிவிக்காமல் எடுக்கப்பட்ட காப்புறுதியை வைத்து இழப்பீடு கேட்கும்போது, காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்புவதற்கு எல்லா முகாந்திரமும் உண்டு. கார் சேதத்தோடு முடிந்தால் பணம் மட்டும்தான் போகும். எதிரே வந்தவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டு வழக்கு என்று வந்தால், ஓட்டியவரின் தலையில் விழும் பொறுப்பு காரின் விலையைப் போல் பல மடங்காக இருக்கலாம்.

55 விழுக்காடு வரை கிடைக்கும் கோரிக்கையற்ற கழிவும் காருக்கு உரியதன்று, காப்புறுதி எடுத்தவருக்கு உரியது. அப்பாவின் பெயரில் இருக்கும் அந்தக் கழிவை இழக்க மனமில்லாமல் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடுவோர் உண்டு. சில நூறு வெள்ளியைக் காப்பாற்றப் போய்ப் பெரிய பாதுகாப்பையே இழக்கும் செயல் அது.

உரிமையாளர் உயிரோடு இருந்தால் வேலை எளிது

பதிவு பெற்ற உரிமையாளர் உயிரோடு இருந்து, தம் விருப்பப்படி இன்னொருவருக்குக் காரைக் கொடுப்பதை ஜேபிஜே 'பெர்துக்காரான் ஹாக் மிலிக் சுக்காரேலா', அதாவது விருப்ப உரிமை மாற்றம் என்று வகைப்படுத்துகிறது. இதற்கு வழக்கமாக வேண்டியவை இருவரின் அடையாள அட்டைகள், கிராண்ட், வாகனப் பரிசோதனை அறிக்கை, புதிய உரிமையாளர் பெயரில் காப்புறுதி ஆகியவையே. இருவரின் கைவிரல் ரேகையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும்.

உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையை 'பி5' என்பார்கள். காரில் உள்ள இஞ்சின் எண்ணும் சாசி எண்ணும் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்பதே இதில் முக்கியமாகப் பார்க்கப்படும். பல ஆண்டுகளாகப் புஸ்பாகோம் மட்டுமே செய்து வந்த இந்தப் பணி பின்னர் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகளுக்கிடையிலான மாற்றத்திற்குப் பரிசோதனை விலக்கு உண்டா என்பதை ஜேபிஜே முகப்பிடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நிலுவைச் சம்மன்களால் கார் அல்லது உரிமையாளர் கறுப்புப் பட்டியலில் இருந்தால், அவற்றைத் தீர்க்காமல் எதுவும் நகராது.

எல்லாம் சரியாக இருந்தால் முகப்பிடத்தில் முடிந்துவிடும் வேலை இது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி அவர் ஓட்டப் போவதில்லை என்று தெரிந்தால், அந்தக் காரை யார் வைத்துக்கொள்வது என்று அவர் இருக்கும்போதே பேசி முடிப்பது நல்லது. அதைப் பேசுவது அபசகுனம் என்று பல வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். அவரது ஒரு கைவிரல் ரேகையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, அவர் காலமான பிறகு மாதக் கணக்கில் இழுக்கும்.

உரிமையாளர் காலமாகிவிட்டால்

ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய கார் உடனே மனைவிக்கோ மூத்த மகனுக்கோ சொந்தமாகிவிடாது. வீடு, நிலம், வங்கிச் சேமிப்பு, நகை ஆகியவற்றோடு காரும் சேர்ந்து அவர் விட்டுச் சென்ற சொத்தாகிறது. அந்தச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க அதிகாரம் பெற்றவரின் கடிதமோ உத்தரவோ இல்லாமல் ஜேபிஜே பெயரை மாற்றாது. மரணச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு முகப்பிடத்திற்குச் சென்றவர்கள் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணம் இதுதான்.

அந்த அதிகாரத்தைப் பெற மூன்று வழிகள் உள்ளன. எந்த வழி என்பது காரைப் பொறுத்ததன்று. காலமானவர் மொத்தமாக என்ன விட்டுச் சென்றார் என்பதைப் பொறுத்தது.

முதலாவது, அமானா ராயா. காலமானவர் உயில் எழுதவில்லை, வீடோ நிலமோ அவர் பெயரில் இல்லை, கார், வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து மட்டுமே இருக்கிறது, அதன் மொத்த மதிப்பு 6 லட்சம் வெள்ளிக்கு மேல் போகவில்லை என்றால், நீதிமன்றம் போகாமல் அமானா ராயா வழியாகவே முடித்துக்கொள்ளலாம். பழைய கார் ஒன்றும் சிறிது சேமிப்பும் மட்டும் விட்டுச் சென்றவரின் குடும்பத்திற்கு இதுவே எளிய வழி.

இரண்டாவது, நில அலுவலகம். உயில் இல்லாமல், வீடு அல்லது நிலமும் சேர்ந்த சொத்தாக இருந்தால், 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்தின் பங்கீட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். முன்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்த இதன் உச்ச வரம்பு 2024இல் 50 லட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நகர்ப்புற வீட்டு விலை ஏறிவிட்ட நிலையில், முன்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்த பல குடும்பங்களுக்கு இந்த மாற்றம் கைகொடுக்கிறது. விண்ணப்பத்தில் வீட்டோடு சேர்த்துக் காரையும் குறிப்பிட மறக்கக் கூடாது.

மூன்றாவது, உயர் நீதிமன்றம். உயில் இருந்தால் அதை உறுதிப்படுத்தும் உத்தரவையும், உயில் இல்லாத மற்ற நிலைகளில் நிர்வாக அதிகாரக் கடிதத்தையும் இங்கே பெற வேண்டும். இதற்கு வழக்கறிஞரின் உதவி தேவைப்படும்.

இவற்றில் ஏதாவது ஒன்றின் வழி உத்தரவு கிடைத்ததும், மரணச் சான்றிதழ், கிராண்ட், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றோடு ஜேபிஜேக்குச் செல்லலாம். ஏலம், வங்கி மீட்பு ஆகியவற்றைப் போல மரணத்தால் ஏற்படும் மாற்றத்தையும் ஜேபிஜே 'விருப்பமற்ற உரிமை மாற்றம்' என்ற வகையில்தான் சேர்க்கிறது.

காரில் தொடங்கி வீட்டில் முடியும் கதை

2,000 வெள்ளிகூடப் பெறாத ஒரு பழைய காரின் பெயரை மாற்றப் போன குடும்பத்திற்கு, அப்பாவின் வீட்டுப் பத்திரமும் இன்னும் அவர் பெயரிலேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். வீடு இருப்பதால் அமானா ராயாவின் எளிய வழி மூடிக்கொள்கிறது. காரை மட்டும் தனியே பிரித்துக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. கார் வேண்டுமென்றால் வீட்டுக் கணக்கையும் திறந்தாக வேண்டும்.

வீட்டுக் கணக்கைத் திறந்தால் வாரிசுக் கணக்கும் வரும். உயில் எழுதாமல் காலமான முஸ்லிம் அல்லாதோரின் சொத்து, தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி பிரிக்கப்படுகிறது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. காலமானவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பிள்ளைகளில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. திருமணமாகிப் போன மகளுக்கும் சம பங்கு உண்டு. இந்திய முஸ்லிம் குடும்பங்களுக்குப் பாராயிட் முறைப்படி பங்கீடு நடக்கும்.

அதனால் "அப்பா காரை நான்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டேன்" என்று சொல்லும் இளைய மகனுக்கு அந்தக் கார் போய்ச் சேர வேண்டுமானால், அம்மாவும் மற்ற உடன்பிறப்புகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலைப் புதுப்பிப்பு வேலைக்கு முன்னரே வாங்கிவிடுவது நல்லது. சீரழிந்து நின்ற காரை யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று ஆன பிறகு அதன் விலை ஏறிவிடும்; கேட்பவர்களும் பெருகிவிடுவார்கள்.

இங்கே இன்னொரு சான்றிதழும் கேட்கப்படும். அது திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் ஊரறியத் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் நம் சமூகத்தில் கணிசமாக உண்டு. 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவு இல்லாத நிலையில், தாம் மனைவி என்பதையும் தம் பிள்ளைகள் வாரிசுகள் என்பதையும் நிறுவ வேண்டிய சுமை, கணவரை இழந்து நிற்கும் பெண்ணின் தோளில் விழுகிறது. 

கடன் முடிந்தும் நீங்காத வங்கியின் பெயர்

தவணையெல்லாம் கட்டி முடித்து 20 ஆண்டுகள் ஆன காரிலும், நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை பதிவேட்டில் நீடிப்பது உண்டு. கடன் முடிந்ததும் அதை நீக்கும் நடைமுறை ஒன்று இருக்கிறது. பலர் கிராண்டை வாங்கி அலமாரியில் வைத்ததோடு நிறுத்திவிட்டார்கள்.

1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெரிய வங்கிக் குழுமங்களோடு இணைக்கப்பட்டன. கிராண்டில் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரில் இன்று கடை வீதியில் எந்தக் கிளையும் இல்லாமல் போகலாம். அந்த நிறுவனம் எந்த வங்கியோடு இணைந்தது என்பதைக் கண்டறிந்து, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் உரிமைக் கோரிக்கை நீக்கத்தையும் அந்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும். பழைய ரசீதுகள், கடன் ஒப்பந்தத்தின் நகல் எதுவாக இருந்தாலும் உதவும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் பழைய கோப்புகளை அவசரப்பட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

கடன் இன்னும் முடியாத காரை 'சம்புங் பாயார்' முறையில் வாங்குவது வேறு வகை ஆபத்து. தவணையை மட்டும் தொடர்ந்து கட்டுகிறேன், காரை எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்மொழியாக நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வங்கியின் ஒப்புதல் கிடையாது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடன் தீரும்வரை காரின் உரிமை வங்கியிடம்தான் இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் தவணை கட்டினாலும், வாங்கியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. முதல் உரிமையாளர் மனம் மாறினாலும் காலமானாலும் கட்டிய பணத்திற்குச் சான்று இல்லை.

உரிமையாளரையே காணவில்லை என்றால்

கைவிரல் ரேகை முறை வருவதற்கு முன், கையொப்பமிட்ட உரிமை மாற்றப் படிவம் ஒன்றைக் கிராண்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுக் காரை விற்பது சாதாரணமாக இருந்தது. வாங்கியவர் பெயரை நிரப்பாமலே இன்னொருவருக்கு விற்பார். அவர் மற்றொருவருக்கு விற்பார். அந்தக் காலத்தில் கைமாறிய கார்கள் சில இன்றும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே நிற்கின்றன. பழைய படிவத்தில் உள்ள கையொப்பத்தைக் காட்டி இன்று பெயரை மாற்ற முடியாது.

இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் முதலில் பதிவு உரிமையாளரைத் தேட வேண்டும். கிராண்டில் உள்ள முகவரி, எண் பட்டையில் உள்ள மாநில எழுத்து, முன்பு காரைப் பழுது பார்த்த பட்டறை எல்லாம் துப்புகள்தாம். பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, பினாங்குக்கு பி என்னும் உச்சரிப்பிலேயே வேறோர் எழுத்து, ஜொகூருக்கு ஜே என்று பதிவான மாநிலத்தை எண்ணின் முதல் எழுத்தே சொல்லிவிடும். உரிமையாளர் கிடைத்தால் அவரை முகப்பிடத்திற்கு அழைத்துச் செல்லலாம். அவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகள் மேலே சொன்ன வழிகளில் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற உத்தரவு பெறுவதுதான் வழி. அந்தச் செலவு காரின் மதிப்பைத் தாண்டுமா என்று கணக்குப் பார்த்து முடிவு செய்வதே விவேகம்.

கிராண்ட் மட்டும் தொலைந்துவிட்டது, உரிமையாளர் இருக்கிறார் என்றால் கவலை இல்லை. போலீஸ் புகார் செய்து, அதன் நகலோடு உரிமையாளரே ஜேபிஜேயில் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

காரின் கைரேகை: சாசி எண்

மனிதருக்கு அடையாள அட்டை எண் போலக் காருக்குச் சாசி எண். இன்றைய கார்களில் இது எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடங்கள் கொண்டது. பழைய கார்களில் இதைவிடக் குறுகியதாக இருக்கும். பானட்டுக்குள் தீச்சுவர்த் தகட்டிலோ, இருக்கைக்குக் கீழே தரையிலோ, சட்டத்திலோ அது பொறிக்கப்பட்டிருக்கும்.

பழைய காரில் துரு முதலில் பிடிக்கும் இடங்களில் இவையும் அடங்கும். பட்டறையில் துருப்பிடித்த தகட்டை வெட்டி எறியும்போது, எண் பொறித்த பகுதியும் சேர்ந்து போய்விடுவதுண்டு. நல்ல எண்ணத்தோடு அதே எண்ணைப் புதிய தகட்டில் தாமே பொறித்துவிடுவோரும் உண்டு. பரிசோதனையில் அது திருத்தப்பட்ட எண்ணாகவே தெரியும். திருட்டுக் காரில் எண்ணை மாற்றுபவர்கள் செய்வதும் இதையேதான். சந்தேகம் எழுந்தால் எண் உண்மையானதா என்று வேதியியல் துறையின் ஆய்வு வரை போகலாம். அதுவரை கார் உங்கள் கையில் இருக்காது.

எனவே வேலை தொடங்கும் முன் சாசி எண், இஞ்சின் எண் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்துக் கிராண்டோடு ஒப்பிட வேண்டும். எண் இருக்கும் பகுதியில் வெட்டவோ ஒட்டவோ கூடாது என்று பட்டறையில் சொல்லி வைக்க வேண்டும். துருவால் எண் ஏற்கனவே அழிந்திருந்தால், அதைத் தொடாமல் முதலில் ஜேபிஜேயில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் செல்ல வேண்டும்.

பழைய காரை வெளியில் வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கைதான். விபத்தில் முற்றிலும் சிதைந்த காரின் கிராண்டை வாங்கி, அதன் எண்ணைத் திருட்டுக் காரில் ஏற்றி விற்கும் 'குளோன்' கார்கள் சந்தையில் உண்டு. விலை மலிவாக இருக்கிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பரிசோதனைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பரிசோதனை முடிந்த பிறகே பணம் என்பதில் உறுதியாக இருக்க வேண்டும்.

மாற்றி அமைத்த காரும் வீட்டில் உருவாக்கிய காரும்

1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள் ஒரு வாகனம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. இஞ்சின் மாற்றம், நிற மாற்றம், உடல் அமைப்பு மாற்றம் ஆகியவை கிராண்டில் உள்ள விவரத்தையே மாற்றுபவை. இவற்றுக்கு முதலில் ஜேபிஜேயின் அனுமதி, பிறகு வேலை, அதன் பிறகு பரிசோதனை, கடைசியில் பதிவு என்பதே வரிசை. ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' இஞ்சினைப் பூட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்பவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். இஞ்சினை வாங்கிய கடையின் ரசீதும் அதன் இறக்குமதி ஆவணமும் இல்லாவிட்டால் சிக்கல் கூடும்.

ஒரு காரின் முன்பாகத்தையும் இன்னொரு காரின் பின்பாகத்தையும் இணைத்து ஒன்றாக்கினால், அந்தக் காருக்கு எந்தச் சாசி எண் உரியது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அப்படிப்பட்ட கார் பாதுகாப்பானதும் அல்ல, பதிவுக்கு உரியதும் அல்ல.

அடிப்படையிலிருந்தே சொந்தமாக ஒரு காரை உருவாக்கும் கனவு காண்போரும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சிலர் அப்படி முயல்கிறார்கள். கண்காட்சித் திடலிலும் தனியார் பந்தயப் பாதையிலும் ஓட்டுவது ஒன்று. பொதுச் சாலையில் ஓட்டுவது வேறு. பொதுச் சாலைக்கு வரும் வாகன வகை ஒவ்வொன்றும் வகை அங்கீகாரம் பெற வேண்டும். வாகனத் தரம் தொடர்பான ஐக்கிய நாடுகளின் 1958 உடன்படிக்கையில் மலேசியா 2006இல் இணைந்தது. பிரேக், விளக்கு, இருக்கைப்பட்டை என ஒவ்வொன்றுக்கும் சோதனைச் சான்று கேட்கும் அந்த முறை, ஆயிரக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து உருவானது. ஒற்றைக் காரைச் செய்யும் தனிமனிதருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கைவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நடைமுறையில் ஏற்ற வழி, முறையாகப் பதிவான ஒரு பழைய காரை எடுத்து, அதன் சாசியையும் அடையாளத்தையும் மாற்றாமல் புதுப்பிப்பதே.

கார் வேண்டாம் என்றாலும் காகித வேலை உண்டு

எல்லாக் காரையும் காப்பாற்ற முடியாது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஆள் வந்து சில நூறு வெள்ளியைக் கையில் கொடுத்து இழுத்துச் சென்றால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் ஜேபிஜே பதிவேட்டில் அந்தக் கார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதுவும் அப்பாவின் பெயரில். கிராண்டையும் எண் பட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அந்த அடையாளம் நாளை எந்தக் காரில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

எனவே பதிவை ரத்து செய்துவிட்டே காரை அனுப்ப வேண்டும். ஆயுள் முடிந்த வாகனங்களை அகற்ற அங்கீகாரம் பெற்ற நிலையங்களும் உள்ளன. காருக்கு மதிப்பில்லை, அப்பாவின் பழைய பதிவு எண் மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த எண்ணை வேறு காருக்கு மாற்ற விரும்பினால் பதிவை ரத்து செய்வதற்கு முன்னரே ஜேபிஜேயில் அது பற்றிக் கேட்க வேண்டும். அதற்கும் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர்தான் என்பதால், பெயர் மாற்றத்தைத் தவிர்க்க முடியாது.

எதிலிருந்து தொடங்குவது?

கிராண்டை எடுத்து மூன்று விவரங்களைப் பார்க்கலாம். பெயர் யாருடையது? வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா? சாசி எண்ணும் இஞ்சின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? பிறகு சாலை வரி எப்போது முடிந்தது, நிலுவைச் சம்மன் உண்டா என்பதை ஜேபிஜே, போலீஸ் இணையச் சேவைகளில் பார்க்கலாம். சாலை வரி முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தால், அதை மீண்டும் எடுக்க எந்தப் பரிசோதனை வேண்டும், பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை அருகிலுள்ள ஜேபிஜே கிளையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடைமுறைகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், தரகரின் சொல்லைவிட முகப்பிடத்தில் கிடைக்கும் பதிலே நம்பகமானது.

உரிமையாளர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, அமானா ராயாவா, நில அலுவலகமா, நீதிமன்றமா என்பதை முடிவு செய்யலாம். உடன்பிறப்புகளை அழைத்துப் பேசி, கார் யாருக்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். இவை முடிந்து பெயர் மாறிய கிராண்ட் கைக்கு வந்த பிறகு காரைப் பட்டறைக்கு அனுப்பினால், அதில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் சொந்தக் காரில் போட்ட பணமாக இருக்கும்.